பார்க்கிறவர்கள் எங்கே நிற்பார்கள்?

போன மாதம் என் தம்பி மகன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். நான் வாலாஜாபாத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த போட்டோ. மங்கிப்போய், ஓரம் மடிந்து அலமாரியில் கிடந்தது. அதை ஃபோனில் பிடித்து ஏதோ ஒரு ஆப்பில் போட்டானாம், கண்மூடித் திறப்பதற்குள் பளிச்சென்று ஆகிவிட்டதாம். "அத்த, எப்படி கீது?" என்று கேட்டிருந்தான். பார்த்தேன். லட்சணமான பெண்தான். திருத்திய புருவம், நீளமான இமை முடி, மாசு மருவில்லாத கன்னம். என் மூக்குத்தியை மட்டும் அந்த ஆப் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டது போலிருக்கிறது. "பொண்ணு நல்லாத்தான் கீது, யாரு இது?" என்று பதில் போட்டேன். அவன் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

சின்ன முகத்தைப் பெரிய முகமாக்குவதுதான் நான் பார்த்த வேலை. ஸ்டுடியோவில் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்யக் கற்றுக்கொண்டேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் மேஜையை விட்டுக் கீழே தள்ளியதும் உண்டு. அப்புறம் உத்திரமேரூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ரோட்டில் ராஜரத்தினம் சார் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை போட்டார். அங்கே டிசைனராகச் சேர்ந்தவள், கண்ணில் புரை வந்து டாக்டர் அதட்டும் வரை அங்கேயே இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என்று இந்த வட்டாரத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயிருக்கிறது.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேனர் போட யார் வந்தாலும் மற்ற கடைகளில் முதல் கேள்வி "எத்தனை அடி?" என்பதுதான். சார் அதைக் கடைசியில்தான் கேட்பார். முதலில், "எங்க கட்டப் போறீங்க? பாக்கறவங்க எங்க நிப்பாங்க?" என்பார். வந்தவர்கள் விழிப்பார்கள். மாமன் சீர் கொண்டுவருகிற பேனருக்கு இவ்வளவு விசாரணையா என்று முகத்தில் தெரியும். சார் விட மாட்டார். தெரு எத்தனை அகலம், நடுவில் மரம் இருக்கிறதா, ஜனங்கள் நடந்து போவார்களா, பஸ்ஸில் போவார்களா என்று கேட்டு முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பித் தலையசைப்பார்.

கேட்பதில் அர்த்தம் இருந்தது. கையில் வைத்துப் பார்க்கிற போட்டோவில் புள்ளிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பேனருக்கு அப்படித் தேவையில்லை. தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணே புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளும். கிட்டத்தில் பார்த்தால் வெறும் கறை, எட்ட நின்றால் முகம். இதை நம்ப எனக்கே வெகு நாள் பிடித்தது. பென்சிலைக் கூராகச் சீவி ஒரு பருவை மறைப்பதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். "சுகுணா, நீ கண்ணுக்குள்ள பூந்து வேல செய்யற. ஜனம் ரோட்டுக்கு அந்தாண்ட நிக்கிது" என்பார் சார்.

பெரிய ஆர்டர் என்றால் முழு பேனரையும் ஓட்டுவதற்கு முன்பு கண்ணும் மூக்கும் மட்டும் வருகிற மாதிரி ஒரு துண்டை அதே அளவில் அடித்துப் பார்ப்போம். எதிர் வரிசையில் உரக்கடை. அதன் ஷட்டர் மேல் துண்டைத் தொங்கவிட்டுவிட்டு, சார் எங்கள் கடைப் படியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கண்ணைப் பாதி மூடுவார். நடுவில் காஞ்சிபுரம் பஸ் வந்து மறைத்து நின்றால் அது நகரும் வரை அதே நிலையில் இருப்பார். கடைசியில் "ஓட்டலாம்" என்பார். அவர் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அதுதான். "நல்லா இருக்கு" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

இரண்டு விஷயத்தில் கறாராக இருப்பார். மெஷினில் பத்தடி அகலத்துக்கு மேல் ஓட்ட முடியாது, அதற்கு மேல் போனால் இரண்டு துண்டாக அடித்து ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு எக்காரணம் கொண்டும் முகத்தின் மேல் விழக் கூடாது. வயிற்றின் மேல் விழட்டும், வாழைமரத்தின் மேல் விழட்டும், முகத்தில் கூடாது. இன்னொன்று, ஆட்களை வெள்ளையடிப்பது. எல்லாக் கடையிலும் கறுப்பாக இருப்பவர்களைச் சிவப்பாக்கித்தான் கொடுப்பார்கள், கேட்காமலேயே செய்வார்கள். சார் பார்த்தால் "ஆளத் திருப்பிக் கொண்டா" என்பார். நான் பழைய ஃபைலைத் திறப்பேன்.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் எல்லம்மா வந்தாள். மாகறலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். புருஷன் கன்னியப்பன் இறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கூட மருமகன் மணி வந்திருந்தான். கருமாதிக்கு பேனர் வேண்டும் என்றார்கள். மணி தன் ஃபோனை நீட்டினான். ஒரு கல்யாண போட்டோ. நடுவில் மாப்பிள்ளை, பெண். சுற்றிலும் பட்டுப்புடவைகள், மடிப்புக் கலையாத வேட்டிகள். கன்னியப்பன் யார் என்று எனக்குப் புரியவில்லை.

"தோ, பின்னால கீறாரு பாருமா" என்று எல்லம்மா திரையில் விரல் வைத்தாள். விரலுக்கடியில் ஆள் மறைந்தே போனார். எடுத்த பிறகு பார்த்தேன். எல்லோருக்கும் பின்னால், பந்தல் கால் ஓரமாக, சிவப்பு பிளாஸ்டிக் சேர்களை அடுக்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் போகிறார். என்ன சத்தம் கேட்டதோ, அந்த நொடியில் கேமரா பக்கம் திரும்பியிருக்கிறார்.

"வேற போட்டோ இல்லையா?" என்றேன்.

"எங்கமா! போட்டோ புட்ச்சா ஆயுசு கொறையும்னு ஓடிப்பூடுவாரு. ஆதார் கார்டு கீது. அதுல போலீஸு இட்னு போன ஆளு மாதிரி கீறாரு. அது வாணாம்."

சார் எழுந்து வந்து தன் கேள்வியைக் கேட்டார். எங்கே கட்டப் போகிறீர்கள்? வீட்டு வாசலில் என்றாள் எல்லம்மா. வாசல் என்பது ஒரு வண்டி போகிற சந்து. சார் ஃபோனை வாங்கிப் பார்த்தார். "அம்மா, இதுல மொகம் ரொம்பச் சின்னது. சந்துல பெருசா கட்டினா ஒன்னும் தெரியாது. சின்னதா ஃப்ரேம் போட்டுத் தரேன், கையில வெச்சிப் பாத்தா அழகா இருக்கும்" என்றார்.

எல்லம்மா தலையை ஆட்டினாள். "சின்னதா வாணாம் சார். யாரு வூட்டு விசேசமா இருந்தாலும் பின்னால தான் நின்னாரு. எங்க வூட்டு காரியத்துலயாவது பெருசா, முன்னால நிக்கட்டும்."

சார் ஃபோனை மணியிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு "வூட்டுக்கு எதிருல இன்னா கீது?" என்று கேட்டார்.

"களம் கீது சார், நெல்லு காய வெக்கிறது. அதுக்கு அந்தாண்ட பெரிய வூடு. அவங்க வூட்டுக் கல்யாணம் தான் இது."

சார் என்னைப் பார்த்தார். களத்தைத் தாண்டிய தூரம் இருந்தால் முகம் தெரியும். ஆனால் களத்துக்கு அந்தாண்டை இருப்பது பெரிய வீட்டுச் சுவர். அதை நினைத்துத்தான் எல்லம்மாவும் மணியும் வாயைத் திறக்கவில்லை. காலனி ஆள் படத்தை அந்தச் சுவரில் கட்டுவது என்பது அவர்கள் வாயால் கேட்கிற காரியம் அல்ல.

முதலில் படத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வந்த போட்டோவில் பாதி உயிர் போயிருக்கும், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். அசல் ஃபைல் வேண்டும். நானே பெண்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரிய வீட்டு மருமகள்தான் அந்த போட்டோவில் இருக்கிற கல்யாணப் பெண். போட்டோகிராபர் கொடுத்ததை அப்படியே வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "கன்னியப்பன் அண்ணனா? எங்க போட்டோலயா?" என்று ஆச்சரியப்பட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள், அவர் அதில் இருப்பது அவளுக்குத் தெரியாது. காப்பி கொடுத்து, ஃபைலையும் ஏற்றிக் கொடுத்தாள்.

அசல் ஃபைலிலும் முகம் ஒரு சுண்டைக்காய் அளவுதான். கேமரா கல்யாணப் பெண்ணைப் பார்த்து ஃபோகஸ் ஆகியிருந்ததால் பின்னால் இருப்பவர் மங்கல். ஒரு பக்கக் கன்னத்தில் வீடியோ லைட் அடிக்கிறது, மறுபக்கம் நிழல். காதை சேர் மறைத்துவிட்டது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள்.

மணி ஒரு வழி சொன்னான். "மாமாவும் சின்ன மாமாவும் அச்சு அசல் ஒரே கண்ணு. அவரு கண்ண எடுத்து இதுல வெச்சிடுங்க. சேர எடுத்துட்டு வெள்ள சட்ட போட்ருங்க." இது எங்கள் தொழிலில் சகஜம். அண்ணனுக்குத் தம்பி கண், அம்மாவுக்கு மகள் வாய், கோட்டே போடாதவருக்குக் கோட்டு. கன்னியப்பனின் தம்பியையும் அழைத்து வந்திருந்தான். அவரை உட்கார வைத்துப் படம் எடுத்து, கண்ணை மட்டும் வெட்டிப் பொருத்தினேன். நிறம் சேர்த்து, நிழல் சேர்த்து, ஓரம் கரைத்துப் பார்த்தால் பிரமாதமாக வந்தது. என் கைவேலையில் எனக்கே பெருமை.

எல்லம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்: "இது எங்க கொழுந்தனாரு."

"இல்லம்மா, கண்ணு மட்டும்தான்..."

"அவரு தாம்மா இது. அவருக்கு எதுக்குக் கருமாதி? தோ குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்துக்கினு கீறாரே!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொழுந்தனார் அலறியடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "அண்ணி, சும்மா இருங்க அண்ணி. ஏம்மா, மொதல்ல அத அழிம்மா!" என்று என்னிடம் கெஞ்சினார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எல்லம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு சார் சொன்னார்: "இல்லாதத வரையாத. இருக்கறதக் கெடுக்காத. அவ்ளோதான்."

கடன் வாங்கிய கண்ணை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பின்னால் இருந்த பந்தலையும் ஜனங்களையும் எடுத்துவிட்டேன். சேரை எடுக்கவில்லை. எடுத்தால் காதை நான் கற்பனையில் வரைய வேண்டும். முகத்தின் வெளிச்சப் பக்கத்தைத் தொடவில்லை. நிழல் பக்கத்தில் மட்டும் கன்ன எலும்பு தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் தூக்கினேன். புருவத்துக்கும் மீசைக்கும் அடர்த்தி ஏற்றினேன், எட்ட இருந்து பார்க்கிறவர்களுக்கு முகத்தை அடையாளம் காட்டுவது அவைதான். கறுப்பு நிறம் ஃப்ளெக்ஸில் பச்சையடிக்கும், அதற்கு ஏற்றபடி கலவையை மாற்றினேன். ஒரே அடியாகப் பெரிதாக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, கடைசியில் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி தூவினேன். மெழுகு பொம்மை மாதிரி வழுவழுப்பாக இருக்கிற முகத்தில் இந்தப் புள்ளி விழுந்தால் தோல் மாதிரி ஆகும். கண்ணை அப்படியே விட்டேன். இரண்டு கறுப்புத் திட்டு.

திரையில் பார்த்தால் கரித்துணி மாதிரிதான் இருந்தது. பயந்துகொண்டே துண்டு அடித்தேன். உரக்கடை ஷட்டரில் மாட்டினோம். சார் படியில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். பஸ் வந்தது, நின்றது, போனது. எதிரே ஒரு மனுஷன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்புகிற மாதிரி. சார் "ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு, "சுவரு தான் வேணும்" என்றார்.

"நாங்க கேட்டா நல்லா இருக்காது சார். நீங்க கடைக்காரரு, நீங்க கேளுங்க" என்று மணி ஃபோனில் சொல்லிவிட்டான். சாரும் நானும் போனோம். பெரிய வீட்டுப் பெரியவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கும் நாற்காலி போடச் சொன்னார். சார் சுற்றி வளைக்கவில்லை. படத்தில் முகம் சின்னது, அது தெரிய வேண்டுமானால் இவ்வளவு தூரம் தேவை, அந்தத் தூரம் உங்கள் சுவரில்தான் இருக்கிறது என்று கரண்ட் கம்பி இழுக்க வந்தவர் போல விளக்கினார்.

"எங்க சுவருல கன்னியப்பன் பேனரா?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க."

அவர் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மருமகள் வந்து கதவருகே நின்றாள். "மாமா, எங்க கல்யாணத்துல எல்லா வேலையும் அவருதானே பாத்தாரு" என்றாள். பெரியவர் திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, "வூட்டு மதிலு வாணாம். மாட்டுக் கொட்டாய் சுவரு அந்தப் பக்கம் பாத்துத்தான் கீது. அதுல கட்டிக்கட்டும். சாயந்திரம் அவுத்துடணும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். சார் அதற்குள் எழுந்து கும்பிட்டுவிட்டு, "அந்தச் சுவரே சரியான தூரம்" என்றார். திரும்பி வரும்போது வழி நெடுகப் புலம்பினேன். செத்துப்போன மனுஷனுக்கு மாட்டுக் கொட்டாய்தானா என்று கேட்டேன். "கோவத்துல ஆணி அடிக்க முடியாது சுகுணா. சுவரு வேணும்" என்றார் சார். விஷயம் தெரிந்ததும் எல்லம்மா எங்களைவிடச் சாதாரணமாக எடுத்துக்கொண்டாள். "அந்தக் கொட்டாய்ல தான் அவரு தெனம் இருந்தாரு" என்றாள்.

அகலம் பத்தடி, உயரம் பன்னிரண்டடி. ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாக ஓட்டினோம். பெயரையும் ஊரையும் கீழே வைத்தோம். பூ, விளக்கு, புறா எதுவும் போடவில்லை.

கருமாதியன்று நானும் போனேன். நான் வழக்கமாகப் போகிறவள் இல்லை, ஆனால் அன்று கடையில் உட்கார முடியவில்லை. பேனர் கட்டியாகிவிட்டது. எல்லம்மாவை அவள் வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள். களத்துக்கு அந்தாண்டை, தோளில் சிவப்பு சேருடன், கன்னியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையடிக்காத அதே நிறம், அதே மீசை. சத்தம் வராமல் அவள் உதடு மட்டும் அசைந்தது. பிறகு நடக்க ஆரம்பித்தாள்.

அவளிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவள் பாதிக் களத்தைத் தாண்டிவிட்டாள். தொட்டுப் பார்க்கத்தான் போகிறாள். கிட்டப் போகப் போக முகம் கலைந்துகொண்டே வரும். அப்படியேதான் ஆயிற்று. சட்டென்று நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். பின்னோக்கிச் சில அடி வந்தாள். நின்றாள். இன்னும் கொஞ்சம் பின்னால் வந்தாள். அங்கே அவர் மறுபடியும் வந்துவிட்டார். எல்லம்மா குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்துக் காலடியில் வைத்தாள். "இங்க வா, இங்க நின்னு பாரு" என்று மகளைக் கூப்பிட்டாள். மகள் வந்தாள், மணி வந்தான், கொழுந்தனார் வந்தார். காரியத்துக்கு வந்த ஜனமெல்லாம் ஒவ்வொருவராக அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சத்தம் கேட்டுப் பெரியவர் வெளியே வந்தார். கொட்டாய் ஓரமாக நடந்து வந்து பேனருக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்து அவருக்கு என்ன தெரியும்? கறுப்பும் செம்மண்ணுமாகக் கறை. "இன்னாடா இது, ஒன்னுமே தெரியலயே. இதுக்கா இவ்ளோ பாடு?" என்றார்.

எல்லம்மா செங்கல்லுக்குப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "அங்கருந்து தெரியாது அய்யா. இந்தாண்ட வாங்க."

பெரியவர் அவளைப் பார்த்தார். காலனி ஜனம் மொத்தமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருமகள் வாசலில் நின்றாள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு களத்தைக் கடந்து வந்தார். எல்லம்மா நகர்ந்து இடம் விட்டாள். செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்று திரும்பியவர், வெகு நேரம் அப்படியே நின்றார்.

"கன்னியப்பன் தான்" என்றார். பிறகு, "அது நம்ம கல்யாணத்து சேரு. அன்னிக்குப் பூரா தூக்கினே இருந்தான். எங்கயாவது ஒக்காந்தானான்னு தெரியல."

இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். எல்லம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்டப் போவாதீங்க அய்யா. போனா காணாம பூடுவாரு."